மலைக் கட்டடங்களில் கனமான நெட்வொர்க் கருவிகளை ரேக்கில் ஏற்றும் முறை

ரேக்கில், அதாவது கருவிகளை அடுக்கும் இரும்புச் சட்டகத்தில், ஒரு கனமான நெட்வொர்க் ஸ்விட்சை ஏற்றும்போது அது மனிதர்களின் கைகளில் இருக்கும் நேரம் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் போகாது. விரல் நசுங்குவதும், இடுப்பு பிடித்துக்கொள்வதும், ரேக் முன்னால் சாய்வதும் அந்த நிமிடங்களில்தான் நடக்கின்றன. ஆனால் அவற்றுக்கான காரணம் பெரும்பாலும் முந்தைய நாளிலேயே உருவாகிவிடுகிறது: தரையை யாரும் தட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள், அல்லது எடை என்னவென்று எழுதி வைத்திருக்க மாட்டார்கள். நீலகிரியில் தேயிலைத் தொழிற்சாலை, பள்ளிக்கூடம், விடுதி, எஸ்டேட் அலுவலகம் எனப் பல இடங்களில் இந்த வேலையைச் செய்து வருகிறேன். எல்லா ஊருக்கும் பொதுவான விதிகளோடு இந்த மலைக்கே உரிய சில எச்சரிக்கைகளையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கருவியோடு வரும் தயாரிப்பாளரின் கையேட்டுக்கு இது மாற்று அல்ல; இரண்டும் முரண்பட்டால் கையேடு சொல்வதையே செய்ய வேண்டும்.

எடைக் கணக்கு

முதல் வேலை ஒரு தாளை எடுத்து, ஏற்றப்போகும் ஒவ்வொரு கருவியின் எடையையும் எழுதுவது. 1யூ (யூ என்பது ரேக்கில் உயரத்தை அளக்கும் அலகு) உயரமுள்ள 24 அல்லது 48 போர்ட் ஸ்விட்ச் பெரும்பாலும் 4 முதல் 8 கிலோவுக்குள் இருக்கும். கார்டுகளைச் செருகிக்கொள்ளும் பெரிய சேசிஸ் ஸ்விட்சுகள், மின்வழங்கிகளும் கார்டுகளும் நிறைந்த நிலையில், 50 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். எல்லோரும் மறந்துவிடுவது யூபிஎஸ்ஸை. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி ஒன்று இரண்டு முதல் இரண்டரை கிலோ இருக்கும். யூபிஎஸ்ஸின் உள்ளே அப்படி எட்டு இருந்தால், பெட்டியையும் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்க்காமலே 16 முதல் 20 கிலோ ஆகிவிடுகிறது. அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எடை பொதியுறையையும் சேர்த்தது என்பதையும், கையேட்டில் உள்ள எடை சில சமயம் கார்டுகள் இல்லாத வெறும் சேசிஸின், அதாவது கூட்டின், எடையாக இருக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், எல்லாச் சூழலும் சாதகமாக இருக்கும்போது தூக்கத்தக்க எடைக்கு 23 கிலோவை உச்ச வரம்பாக வைத்திருக்கிறது. சாதகமான சூழல் என்றால் சுமை உடலோடு ஒட்டியிருக்க வேண்டும், இடுப்பு மட்டத்தில் இருக்க வேண்டும், உடல் திரும்பக் கூடாது. ரேக்கில் ஏற்றும்போது இந்த மூன்றில் ஒன்றுகூட நடப்பதில்லை. கைகளை முன்னே நீட்டி, சில நேரம் மார்புக்கு மேல், சற்றே திரும்பி நின்றுதான் கருவியைப் பிடிக்கிறோம். அதனால் நான் 15 கிலோவுக்கு மேற்பட்ட எதையும் தனியாளாக ஏற்றுவதில்லை. 15 கிலோவுக்குக் குறைந்ததாக இருந்தாலும், ஒருவர் பிடிக்க இன்னொருவர் திருகுவதே முறை. ஒரு கையால் ஸ்விட்சைத் தாங்கிக்கொண்டு மறு கையால் ஸ்க்ரூவைத் தேடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் இளவயதில் அப்படித்தான் செய்தேன், அதற்கான தழும்பு வலது கட்டைவிரலில் இருக்கிறது.

எடைகளை எழுதியபின் அதே தாளில் ரேக்கின் படம் ஒன்றை வரைந்து, எந்த யூவில் எது என்று குறிக்க வேண்டும். கனமானது கீழே, இலகுவானது மேலே என்பது மாறாத விதி. யூபிஎஸ்ஸும் பேட்டரிப் பெட்டியும் அடியில், சேசிஸ் அதற்கு மேல், சிறிய ஸ்விட்சுகளும், கேபிள்கள் வந்து சேரும் பேட்ச் பேனலும் அதற்கும் மேல். கேபிள் மேலிருந்து வருகிறது, அதனால் பெரிய ஸ்விட்சை மேலே வைத்தால் வசதி என்று வாடிக்கையாளர் சொல்வார். கேபிளை இரண்டு மீட்டர் கூடுதலாக இழுக்கலாம். ரேக்கின் எடை மையத்தை அப்படி மாற்ற முடியாது.

ரேக் ஏன் சாய்கிறது என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். 80 கிலோ எடையும் 600 மி.மீ. ஆழமும் உள்ள ரேக் ஒன்று, தரையில் முடுக்கப்படாமல் நிற்கிறது என்று கொள்வோம். அதன் எடை மையம் முன் விளிம்பிலிருந்து 0.3 மீட்டர் பின்னால் இருப்பதால், அதைத் தரையோடு பிடித்துவைக்கும் திருப்புவிசை 80 × 0.3, அதாவது 24. ஸ்லைடிங் ரெயிலில் இருக்கும் 40 கிலோ கருவியை வெளியே இழுத்து, அதன் எடை மையம் முன் விளிம்புக்கு 0.45 மீட்டர் வெளியே வந்துவிட்டால், எதிர்த் திருப்புவிசை 18. மிச்சம் இருப்பது 6 மட்டுமே. அந்த நேரத்தில் ஒருவர் கருவியின் முன் நுனியில், 0.7 மீட்டர் தொலைவில், கையை ஊன்றி 10 கிலோ அளவுக்கு அழுத்தினால் போதும். 10 × 0.7, அதாவது 7 என்பது 6-ஐ விட அதிகம், ரேக் அவர்மேலேயே வரும். ஒரே சமயத்தில் இரண்டு கருவிகளை வெளியே இழுக்கக் கூடாது என்று கையேடுகள் வலியுறுத்துவதும், சாய்வுத் தடுப்புக் கால்களை முதலில் பொருத்தச் சொல்வதும் இதனால்தான்.

தரையும் சுவரும்

சமவெளியில் புதிய கட்டடத்தில் வேலை செய்பவருக்குத் தரையைப் பற்றி யோசிக்க வேண்டியதே இல்லை. இங்கே அப்படியல்ல. உதகையிலும் குன்னூரிலும் ஆங்கிலேயர் காலத்து பங்களாக்கள் பல இன்று அலுவலகங்களாகவும் விடுதிகளாகவும் பள்ளிகளாகவும் இருக்கின்றன. அவற்றின் தரை பல அறைகளில் மரப்பலகையாகவே இருக்கும். பலகைக்குக் கீழே உத்தரங்கள், உத்தரங்களுக்குக் கீழே வெற்றிடம். ஈரம் படிந்து உத்தரம் இற்றுப்போயிருந்தாலும் மேலே மெருகிட்ட பலகை பளபளவென்று இருக்கும். குதிகாலால் தட்டிக்கொண்டே நடந்தால் உத்தரம் இருக்கும் இடத்தில் ஒலி அடங்கியும் இல்லாத இடத்தில் அதிர்ந்தும் கேட்கும். ரேக்கின் நான்கு கால்களும் குறைந்தது இரண்டு உத்தரங்களின் மேல் வருமாறு, சுவரை ஒட்டி இடம் தேர்ந்தெடுக்க வேண்டும். கால்களுக்கு அடியில் தடித்த ஒட்டுப்பலகையை, ரேக்கின் அடிப்பரப்பைவிடப் பெரியதாக வெட்டி, உத்தரங்களுக்குக் குறுக்காகப் போட்டால் எடை பரவும். தரை மிதிக்கும்போதே தொய்ந்தால் அங்கே ரேக்கை வைக்காமல், கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துப் பார்க்கச் சொல்வதுதான் சரி.

சரிவில் கட்டிய புதிய கான்கிரீட் கட்டடங்களில் வேறொரு ஏமாற்று உண்டு. சாலையிலிருந்து நேராக நுழையும் தளத்தைத் தரைத்தளம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். பின்பக்கம் போய்ப் பார்த்தால் அதற்குக் கீழே இரண்டு மாடிகள் இருக்கும். பேட்டரி வரிசையோடு கூடிய முழு உயர ரேக்கை வைக்கும்முன் கட்டடத்தை ஒருமுறை சுற்றி வந்துவிட வேண்டும்.

சுவரில் மாட்டும் 6யூ, 9யூ, 12யூ பெட்டிகளில்தான் நான் என் வேலையின் மோசமான நாளைப் பார்த்தேன். ஓர் எஸ்டேட் அலுவலகத்தில், இரண்டடி தடிமன் கொண்ட கற்சுவரில், 9யூ பெட்டியை நான்கு ஃபாஸ்ட்னர் போட்டு மாட்டினேன். சுவர் தடிமனாக இருந்ததால் வலுவாக இருக்கும் என்று நம்பினேன். ட்ரில் உள்ளே போகும்போது கல் தூளுக்குப் பதிலாகச் செம்மண் கொட்டியதைக் கவனித்தும், அதன் பொருளை யோசிக்கவில்லை. கற்களுக்கு இடையே இருந்தது சுண்ணாம்புக் காரைகூட இல்லை, மண் சாந்து. பெட்டிக்குள் இரண்டு ஸ்விட்சுகளும் ஒரு சிறு யூபிஎஸ்ஸும் இருந்தன. மூன்றாம் வாரம், மழை பெய்த ஓர் இரவில், மேல் ஃபாஸ்ட்னர்கள் இரண்டும் சாந்தோடு பிடுங்கிக்கொண்டு வந்தன. இரவானதால் கீழே இருந்த மேசையில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பிழை முழுவதும் என்னுடையது.

சுவர்ப்பெட்டியின் மேல் போல்டுகள் எடையைத் தாங்குவதோடு நிற்பதில்லை. அவை வெளிப்பக்கமாக இழுபடுகின்றன. பெட்டியும் உள்ளடக்கமும் 40 கிலோ, எடை மையம் சுவரிலிருந்து 300 மி.மீ., மேல் கீழ் போல்டுகளுக்கு இடைவெளி 400 மி.மீ. என்றால், மேல் போல்டுகளை வெளியே இழுக்கும் விசை 40 × 300 ÷ 400, அதாவது 30 கிலோ எடைக்குச் சமம். ஆழம் கூடினால் அதுவும் கூடும். கதவைத் திறந்து ஒருவர் தொங்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே பழைய சுவரில் ட்ரில் செய்யும்போது வெளிவரும் தூளைப் பார்க்க வேண்டும். வெள்ளை அல்லது சாம்பல் நிறத் தூள் ஒரே சீராக வந்தால் கல்லோ கான்கிரீட்டோ. செம்மண் கொட்டினால் அல்லது ட்ரில் திடீரென உள்ளே விழுந்தால் அந்த இடம் ஆகாது. அத்தகைய சுவரில் விரிந்து பிடிக்கும் ஃபாஸ்ட்னர் சாந்தை இன்னும் உடைக்கவே செய்யும். வேதிப் பசை ஊற்றி நிறுத்தும் ஆங்கரைக் கல்லின் நடுவில் போடலாம். அல்லது சுவரின் மறுபக்கம் வரை துளையிட்டு, நீண்ட போல்டைச் செருகி, பின்னால் இரும்புத் தகடு வைத்து முடுக்கலாம். இரண்டும் முடியாதபோது, சுவர்ப்பெட்டியைக் கைவிட்டுத் தரையில் நிற்கும் சிறிய ரேக்கை வாங்கச் சொல்வேன். எந்தச் சுவரானாலும் யூபிஎஸ்ஸைச் சுவர்ப்பெட்டிக்குள் வைப்பதில்லை என்பதை அன்றிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறேன். அதற்குத் தரையில் தனி இடம் உண்டு.

மலையேறி வரும் பெட்டி

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக வந்தால் 36. ஒவ்வொரு வளைவிலும் வண்டியில் இருக்கும் பெட்டி ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் சாய்கிறது. சேசிஸைக் கார்டுகளோடு அனுப்பினால் கார்டுகள் இருப்பிடத்திலிருந்து தளரக்கூடும். அட்டைப்பெட்டியில் அம்புக்குறி மேல்நோக்கி இருக்குமாறு கட்டி, பெட்டிகளுக்கிடையே கம்பளமோ பழைய மெத்தையோ திணித்து, ஈய-அமில பேட்டரிகளைத் தனியாக நிமிர்த்தி வைத்துக் கொண்டுவர வேண்டும். வந்து சேர்ந்ததும் பெட்டியின் மூலைகள் நசுங்கியிருக்கின்றனவா என்று பார்த்து, நசுங்கியிருந்தால் திறக்கும்முன்பே படம் எடுத்துக்கொள்வது நல்லது.

டிசம்பர், ஜனவரியில் உதகையில் உறைபனி விழும் இரவுகளில் வண்டியிலேயே பெட்டியை விட்டுவிட்டு, காலையில் ஹீட்டர் எரியும் அறைக்குள் கொண்டுவந்து உடனே பிரித்தால், அறையின் ஈரம் குளிர்ந்த உலோகத்தின்மேல் துளித்துளியாகப் படியும். வெளியே தெரியும் ஈரத்தைத் துடைத்துவிடலாம். உள்ளே சர்க்யூட் பலகையில் படிந்ததைத் துடைக்க முடியாது. பெட்டியையும் உட்புறப் பாலித்தீன் உறையையும் பிரிக்காமல் அறையிலேயே வைத்து, அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். கனமான சேசிஸுக்கு ஓர் இரவு முழுதும் கொடுப்பது என் வழக்கம். பருவமழைக் காலத்தில் சன்னல் வழியாக மூடுபனி அறைக்குள் நுழையும் கட்டடங்களில் இந்தக் கவனம் அப்போதும் தேவைப்படுகிறது.

உயரத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கருவியை எங்கே, எவ்வளவு இடைவெளியோடு ஏற்றுவது என்பதை அதுவும் தீர்மானிக்கிறது. ‘ஊட்டிக்கு ஏசி எதற்கு, காற்றோட்டம் எதற்கு’ என்று கேட்பவர்கள் அதிகம். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுழன்றாலும் அது தள்ளும் காற்று சுமந்து செல்லும் வெப்பம் குறைந்துவிடுகிறது. அதனால்தான் தரவு மையக் கருவிகளுக்கான வழிகாட்டுதல்களில், சுமார் 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் அனுமதிக்கப்பட்ட உச்ச வெப்பநிலையை ஒரு டிகிரி குறைக்கும் முறை இருக்கிறது. அந்தக் கணக்கில் 40 டிகிரி வரை தாங்கும் கருவி உதகையில் 35 டிகிரியைச் சற்றுத் தாண்டிய அளவுக்குத்தான் தாங்கும். அறை 15 டிகிரியில் இருந்தாலும், கதவு மூடிய ரேக்கின் உள்ளே கருவியைச் சுற்றியுள்ள காற்று அதைவிட மிகச் சூடாக இருக்கும். மேலும், மின்பாகங்களுக்கு இடையே காப்புக்காக விடப்படும் காற்று இடைவெளிகள் பொதுவாக 2,000 மீட்டர் வரையான உயரத்தை வைத்தே கணக்கிடப்படுகின்றன. சுமார் 1,850 மீட்டரில் இருக்கும் குன்னூர் அந்த வரம்புக்குள் வருகிறது, இருபது கி.மீ.கூடத் தள்ளியில்லாத உதகை வருவதில்லை. ஆகவே மின்வழங்கிக்கும் யூபிஎஸ்ஸுக்கும் இயங்கும் உயர வரம்பு எவ்வளவு என்று விவரத்தாளில் பார்த்து வாங்க வேண்டும்.

ரேக்கை நிறுத்துதல்

ரேக்கில் எதையும் ஏற்றும்முன் அது ரசமட்டத்துக்கு நிற்க வேண்டும். சக்கரங்கள் நகர்த்துவதற்கு மட்டுமே. நிலையாக நிற்கும்போது எடை முழுவதும் மட்டம் செய்யும் கால்களில் இறங்கியிருக்க வேண்டும். கான்கிரீட் தரையானால் ஆங்கர் போல்டால் முடுக்கிவிட வேண்டும். முடுக்க முடியாத இடத்தில் சாய்வுத் தடுப்புக் கால்களைப் பொருத்தி, ரேக்கின் மேற்பகுதியைச் சுவரோடும் பட்டையால் பிணைக்கலாம். இரண்டு ரேக்குகள் அருகருகே இருந்தால் அவற்றை ஒன்றோடொன்று போல்டால் இணைத்துவிட வேண்டும். இரு தூண் ரேக் என்றால் ஆழமான, கனமான கருவியை அதில் முன்காதுகளை (கருவியின் முன்பக்கம் இருபுறமும் தூணில் திருகும் தகடுகளை) மட்டும் நம்பித் தொங்கவிடக் கூடாது. கையேடு அனுமதித்தால் நடுவில் பொருத்தும் தாங்கிகளைப் பயன்படுத்தலாம், இல்லையெனில் நான்கு தூண் ரேக்தான்.

ஏற்றுதல்

இப்போது அளவு. 19 அங்குல ரேக்கில் 1யூ என்பது 44.45 மி.மீ. ஒவ்வொரு யூவிலும் மூன்று துளைகள் இருந்தாலும் அவற்றின் இடைவெளி ஒரே சீரானதல்ல, 15.9, 15.9, 12.7 மி.மீ. என்ற வரிசை திரும்பத் திரும்ப வரும். நெருக்கமாக இருக்கும் இரண்டு துளைகளின் நடுவில்தான் ஒரு யூ முடிந்து அடுத்த யூ தொடங்குகிறது. இதை அறியாமல் எண்ணினால் ஒரு துளை தள்ளிப் போய்விடும். 30 கிலோ கருவியைத் தூக்கிப் பிடித்த பிறகுதான் ஸ்க்ரூ துளையோடு சேரவில்லை என்பது தெரியும். அதனால் முதலில் ரேக்கின் நான்கு தூண்களிலும், முன்னும் பின்னும், இடமும் வலமும், மார்க்கரால் ஒரே யூவைக் குறித்துவிட்டு, கீழிருந்து எண்ணி ஒருமுறையும் மேலிருந்து எண்ணி ஒருமுறையும் சரிபார்க்க வேண்டும். தூண்களில் எண் அச்சிட்டிருந்தாலும், சில ரேக்குகளில் அது மேலிருந்து தொடங்கும் என்பதை நினைவில் கொள்க.

சதுரத் துளைகளுக்குக் கேஜ் நட்டை (சிறு கூண்டுக்குள் இருக்கும் நட்டை) தூணின் உட்புறத்திலிருந்து செருக வேண்டும். இதற்கென்று ஒரு சிறு கொக்கிக் கருவி விற்கிறது. பலர் ஸ்க்ரூடிரைவரால் நெம்புகிறார்கள், நட் தெறித்துக் கண்ணில் படுவதும் ஸ்க்ரூடிரைவர் நழுவி உள்ளங்கையில் குத்துவதும் அப்போதுதான். குளிர்காலக் காலையில் விரல்கள் மரத்திருக்கும்போது அதற்கான வாய்ப்பு இன்னும் அதிகம். கையைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டு, பிறகு கொக்கியை எடுப்பதில் நேரம் ஒன்றும் வீணாகாது. தேவையான எல்லா நட்டுகளையும் கருவியைத் தொடுவதற்கு முன்பே பொருத்திவிட்டு, ஒவ்வொன்றிலும் ஸ்க்ரூவை ஓரிரு சுற்று விட்டுப் பார்த்து எடுக்க வேண்டும். எம் 6 நட்டில் வேறு மரையுள்ள ஸ்க்ரூவைச் செலுத்த முயன்றால் பாதியில் இறுகி நின்றுவிடும்.

அடுத்து, கருவியை இலகுவாக்குவது. சேசிஸின் மின்வழங்கிகள், கார்டுகள், கையேடு அனுமதித்தால் ஃபேன் தட்டு ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். மணிக்கட்டில் நிலைமின் பட்டை கட்டிக்கொண்டு, கழற்றிய ஒவ்வொன்றையும் அதற்குரிய உறையில் போட்டு, எந்த இடத்திலிருந்து எடுத்தோம் என்று எண்ணை ஒட்டிவிட வேண்டும். யூபிஎஸ்ஸில் பேட்டரி இணைப்பைத் துண்டித்து, பேட்டரிகளை வெளியே எடுத்து, முனைகளைக் காப்பு நாடாவால் மூட வேண்டும். மோதிரத்தையும் உலோகக் கைக்கடிகாரத்தையும் கழற்றிய பின்புதான் பேட்டரியைத் தொட வேண்டும். இப்படிச் செய்தால் 50 கிலோ கருவி பெரும்பாலும் இருவர் தூக்கும் எடைக்கு வந்துவிடும். இரும்புக் காதுகளையும் ரெயிலின் உட்பாகத்தையும் கருவியோடு வந்த ஸ்க்ரூக்களால் மட்டுமே பொருத்த வேண்டும். வேறு நீளமான ஸ்க்ரூ உள்ளே நுழைந்து சர்க்யூட் பலகையைத் தொட்டுவிடலாம்.

கனமான கருவிக்கு ரேக்கின் பக்கவாட்டில் தாங்கு ரெயிலோ தாங்கு தட்டோ முதலில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். தூக்கியதும் கருவி உட்கார ஓர் இடம் இருந்தால் மனிதக் கைகள் பிடித்திருக்கும் நேரம் நொடிகளாகக் குறையும். முன்காதுகள் அதை இழுத்து நிறுத்தினால் போதும், சுமக்க வேண்டியதில்லை.

தூக்குவதற்கு மூவர் வேண்டும்: இருவர் இரு பக்கமும் பிடிக்க, மூன்றாமவர் ரேக்கின் முன்னால் நின்று வழிகாட்டித் திருக. நீலகிரியில் ஒரே குழுவில் படுகர் மொழியும் தமிழும் மலையாளமும் பேசுபவர்கள் இருப்பது வழக்கம். இப்போது இந்தி பேசும் இளைஞர்களும் வருகிறார்கள். அவசரத்தில் ஒவ்வொருவரும் தம் மொழியில் கத்தினால் ஒருவர் இறக்க இன்னொருவர் ஏற்றுவார். ஆகவே தொடங்கும்முன் மூன்றே சொற்களை ஒப்புக்கொள்ள வேண்டும்: ‘தூக்கு’, ‘நில்’, ‘விடு’. சொல்பவர் ஒருவர்தான், ஆனால் ‘நில்’ என்பதை யார் சொன்னாலும் எல்லோரும் நிற்க வேண்டும். வயதில் சிறியவர் பெரியவரைப் பார்த்து ‘நில்’ என்று சொல்லத் தயங்குவார். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் மரியாதை பார்க்க வேண்டாம் என்று நான் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

நடக்கும் வழியில் அட்டைப்பெட்டிகளோ கேபிள் சுருளோ இருக்கக் கூடாது. மழைநாளில் காலணியின் அடிப்புறச் சேற்றைத் துடைத்துவிட வேண்டும். கருவியை அடிப்புறத்தில் பிடித்தே தூக்க வேண்டும்; மின்வழங்கியின் கைப்பிடியும் கார்டுகளின் நெம்புகோல்களும் அந்தந்தப் பாகத்தை வெளியே இழுப்பதற்காக வைக்கப்பட்டவை, முழுச் சேசிஸின் எடையை அவை தாங்கா. முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து எழுந்து, திரும்ப வேண்டுமானால் இடுப்பை முறுக்காமல் காலடி எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். கருவியைத் தட்டில் வைக்கும்போது விரல்கள் தட்டுக்கும் கருவிக்கும் இடையே மாட்டாமல் இருக்க, பின் விளிம்பை முதலில் தட்டில் ஊன்றி, பின்பு உள்ளங்கையால் முன்புறத்திலிருந்து தள்ள வேண்டும். மார்பு உயரத்துக்கு மேல் கனமான எதையும் கையால் ஏற்றக் கூடாது. தவிர்க்க முடியாதபோது கைச்சுழற்சி லிஃப்ட் மேசையைக் கொண்டுவர வேண்டும். நம் மலைக் கட்டடங்களின் படிக்கட்டில் அது ஏறாது என்றால் கருவியின் இடத்தைத்தான் மாற்ற வேண்டும். நாற்காலியின் மேல் ஏறி நின்று ஏற்றுவது எந்த நிலையிலும் ஆகாது.

உட்கார்ந்த கருவியின் இரு பக்கமும் கீழ் ஸ்க்ரூக்களை முதலில் விரலால் விட்டு, பிறகு மேல் ஸ்க்ரூக்களை விட்டு, நான்கும் பிடித்த பின்பே மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். ஒன்றை முழுதும் முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் காது வளைந்து, எதிர்ப்பக்கத் துளை தள்ளிப் போகும். கடைசி ஸ்க்ரூவும் முடுக்கப்படும்வரை தாங்குபவர்கள் கையை எடுக்கக் கூடாது. அதன் பின்பே மின்வழங்கிகளையும் கார்டுகளையும் அவற்றுக்குரிய எண்ணுள்ள இடத்தில் செருகி, காலியாக உள்ள இடங்களை வெற்றுத் தகடுகளால் மூட வேண்டும். மூடாவிட்டால் வெளியேறிய சூடான காற்று முன்பக்கமாகச் சுற்றி மீண்டும் உள்ளே போகும். சில சேசிஸ்கள் காற்றைப் பக்கவாட்டில் இழுத்துப் பக்கவாட்டிலேயே விடும் என்பதால், அவற்றின் இரு பக்கமும் சுவரோ கேபிள் கட்டோ அடைக்காமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எர்த்

எர்த் கம்பி முதலில் இணைக்கப்பட்டுக் கடைசியில் கழற்றப்பட வேண்டும். கருவி ரேக்கில் உட்கார்ந்ததும், பவர் கேபிளைத் தொடுவதற்கு முன்பே அதைச் செய்துவிட வேண்டும். பெயின்ட் பூசிய ரேக்கில் ஸ்க்ரூ முடுக்கினால் மட்டும் மின்தொடர்பு கிடைத்துவிடாது. இணைப்பு வரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பல்லுள்ள வாஷர் போட்டு, பச்சை-மஞ்சள் கம்பியின் நுனியில் லக் என்னும் உலோக முனையை வைத்து இணைக்க வேண்டும். பாறைமேல் கட்டிய கட்டடத்தில் எர்த் குழி பெயரளவுக்கு இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இடி மின்னல் மிகுந்த மாதங்களில் அதன் விளைவு தெரியும். ரேக் வேலையைத் தொடங்கும்முன் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு எர்த் தடையை அளந்து பார்த்துவிட வேண்டும்.

பிறகு

தேயிலைத் தொழிற்சாலையில் ரேக் வைத்திருப்பவர்களுக்கு வேலை இத்தோடு முடிவதில்லை. உருட்டும் எந்திரங்களும், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. எந்திரங்களும் தரும் அதிர்வு நாள் முழுதும் ஸ்க்ரூக்களைத் தளர்த்துகிறது. இலைத்தூளும் பஞ்சு போன்ற இழையும் ஃபேன் வடிகட்டியை அடைக்கின்றன. ஏற்றிய ஒரு வாரத்தில் ஒருமுறையும், அதன்பின் மாதம் ஒருமுறையும் எல்லா ஸ்க்ரூக்களையும் முடுக்கிப் பார்த்து, தேதியை ரேக் கதவின் உட்புறத்தில் ஒட்டிய தாளில் எழுதுவது நல்லது. கேபிள் நுழையும் துளைகளைப் பிரஷ் தகட்டால் மூடுவது எலிக்காக. குரங்கு வரும் கட்டடமானால் சன்னலுக்கும் வலை வேண்டும்.

பேட்டரி மாற்றும் நாளில்தான் எல்லோரும் அசந்துவிடுகிறார்கள். ஈய-அமில பேட்டரிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். அன்று ரேக்கின் அடியில் இருந்த 20, 30 கிலோ வெளியே வந்துவிட, மேலே இருக்கும் கருவிகள் அப்படியே நிற்க, ரேக்கின் எடை மையம் உயர்ந்துவிடும். தரையில் முடுக்கப்படாத ரேக் என்றால், பேட்டரியை இழுக்கும்முன் சாய்வுத் தடுப்புக் கால்கள் இறங்கியிருக்கின்றனவா, சுவர்ப் பட்டை இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, ஒருவரை ரேக்கின் பக்கவாட்டில் நின்று பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மேலே ஸ்லைடிங் ரெயிலில் எதுவும் வெளியே இழுக்கப்பட்டிருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பேட்டரிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டும்.